மிக்கேல் சம்மனசும் பத்து வேலை நாட்களும்

சாம்பல் மாடம் ஒன்றைத் திறக்கும்படி அதன் உரிமையாளர் எழுத்து மூலம் கேட்டால், பத்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்படும். ரொறன்ரோவில் உள்ள ஒரு பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் உபவிதிகளில் நான்காம் பகுதி இப்படிச் சொல்கிறது. குருநகரில் என் வீட்டு மேசையில் வைத்து அதை வாசித்தபோது எனக்கு அந்த நாட்டின் மீது பெரிய மரியாதை உண்டானது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தலைமுடி நரைக்கும் வரை வேலை செய்தவன். ‘பதில் அளிக்கப்படும்’ என்று நாங்களும் எழுதியிருக்கிறோம். எத்தனை நாளுக்குள் என்று எழுதும் துணிச்சல் எங்களுக்கு வந்ததில்லை.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

விஷயம் சிறியது. என் அக்கா ரீற்றா கனடாவுக்குப் போய் நெடுங்காலம். அவருடைய கணவர் மரியதாஸ் அத்தான் மார்ச் மாதம் காலமானார். தகனம் செய்தார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கல்லால் கட்டிய ஒரு சிற்றாலயம் உண்டு. அதன் உட்சுவரில் சாம்பல் வைக்கும் மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அக்காவின் மகன் அன்ரன் இருக்கிறான். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது கார் விபத்தில் போனவன். அப்போதே மூன்று பேருக்கு இடமுள்ள மாடமாகப் பார்த்து வாங்கினார்கள். அத்தான் சாகும்போது வீடு, வங்கி, நகை எதைப் பற்றியும் பேசவில்லை. “என்னைப் பெடியனுக்குப் பக்கத்தில வையுங்கோ” என்று மட்டும் சொன்னாராம்.

இறுதிச் சடங்குக்காக நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். மரணச் சான்றிதழ், உறவுமுறைச் சான்று, ஓய்வூதியக் கடிதம் எல்லாவற்றையும் ஒழுங்காக இணைத்திருந்தேன். விசா ஓகஸ்ட் மாதம் கிடைத்தது. அத்தான் எனக்காகக் காத்திருப்பார் என்று அந்த அலுவலகம் நினைத்திருக்க வேண்டும். உண்மையில் அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார். சாம்பலை மாடத்தில் வைக்கும் சடங்கை நான் வரும்வரை, செப்ரெம்பருக்கு, அக்கா தள்ளிப் போட்டிருந்தார்.

விமான நிலையத்துக்கு அக்காவின் மகள் ஷெரின் வந்திருந்தாள். கனடாவில் பிறந்தவள். கணக்காளர். என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் ஏறியதும் செய்தியைச் சொன்னாள்.

“மாமா, ஒரு சின்ன ப்ரொப்ளம். சாப்பல் க்ளோஸ்ட். சுவருக்குள்ளை இருந்து படம் வந்திட்டுது.”

“என்ன படம்?”

“ஒரு ஏஞ்சலாம், மிக்கேல் சம்மனசு எண்டு அம்மா சொல்றா. ஐ டோன்ட் நோ மாமா, எனக்கு ஒரு கால் மட்டும்தான் தெரிஞ்சது.”

அக்கா டோர்செட் பார்க்கில் ஒரு உயர்ந்த மாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு நான் மெலிந்துபோனேன் என்றார், பிறகு என் மனைவி ஏன் வரவில்லை என்று கேட்டார், பிறகு சாப்பாடு போட்டார். அழுகைக்கும் சோற்றுக்கும் இடையில் நேரம் விடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அத்தானின் சாம்பற் குடுவை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்தது. அத்தான் உயிரோடு இருந்த காலத்தில், கண் கெட்டுவிடும் என்று, தொலைக்காட்சிக்கு அவ்வளவு கிட்டே இருக்க அக்கா விட்டதில்லை.

திங்கட்கிழமை தோட்டத்து அலுவலகத்துக்குப் போனோம். ஷெரின் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உள்ளே ஒரு பெண்மணி இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அரச அலுவலகமோ தனியார் அலுவலகமோ, பொதுமக்களைக் கண்டு எழுந்து நிற்கும் உத்தியோகத்தரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். இது நல்லதற்கில்லை என்று அப்போதே பட்டது.

நடந்தது இதுதான். ஒரு வரிசை மாடங்களுக்கு மேலே சுவர் கறுத்துப் போயிருக்கிறது என்று கோடையில் துப்புரவுக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள். அவர் ஈரத்துணியால் துடைத்தபோது கரியோடு சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பும் உரிந்து வந்திருக்கிறது. சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கால். வெறுங்கால், ஐந்து விரலும் சரியாக. அந்த மனிதர் வாளியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். பிறகு நிபுணர் ஒருவரை அழைத்தார்கள். அவர் சாரம் கட்டி, பிளாத்திக்குத் திரை போட்டு, அங்குலம் அங்குலமாகச் சுண்ணாம்பை உரிக்கிறார். அவருடைய அறிக்கை வரும்வரை எந்த மாடத்தையும் திறக்க முடியாது.

“மாடத்தைத் திறக்கும்படி அக்கா அனுப்பிய கடிதம் கிடைத்ததா?” என்று கேட்டேன்.

கிடைத்தது, மிக அழகான கடிதம் என்றார். நான் எழுதிக் கொடுத்த கடிதம் என்பதால் மறுக்கவில்லை. பதில் ஏன் வரவில்லை என்றேன். அறிக்கை வராமல் எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டார். அறிக்கை வரவில்லை என்பதையே பதிலாக எழுதலாமே என்றேன். அவர் சிறிது யோசித்தார். நல்ல ஆலோசனை என்றார். என் ஆலோசனைக்கு நன்றி சொன்னார். எங்கள் பொறுமைக்கும் நன்றி சொன்னார். எங்கள் ஊரில் நாளைக்கு வா என்று துரத்துவார்கள். துரத்தப்பட்டவனுக்குக் கோபப்படவாவது ஒரு உரிமை மிஞ்சும். இங்கே நாங்கள் இன்னும் காட்டாத பொறுமைக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுகிறார்கள். பிறகு கோபப்பட்டால் நாங்கள்தான் நன்றிகெட்டவர்கள்.

உபவிதியின் நான்காம் பகுதியை எடுத்துக் காட்டினேன். அவர் அதுவரை பார்த்ததில்லையாம். எனக்கு ஒரு பிரதி அச்சடித்துத் தந்தார்.

அந்த வாரம் ஊருக்குள் செய்தி பரவியிருந்தது. நிபுணர் ‘மத்தியகாலப் பாணியில்’ என்று சொன்னதை உள்ளூர்ச் செய்திமடல் மத்தியகால ஓவியம் என்று போட்டது. தமிழ் வானொலியில் அது ஆயிரம் வருடத்துப் பழைய ஓவியம் ஆயிற்று. மின்தூக்கியில் எங்களோடு ஏறிய ஒரு அன்ரி, ஞாயிற்றுக்கிழமை கும்பிடப் போகப் போவதாகச் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்னர் இந்த இடத்தில் கல்லுச் சுவரே இருந்திராதே, சம்மனசு எதில் நின்றிருப்பார் என்று கேட்டேன். அவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். பிறகு அக்காவிடம், “உங்கட தம்பியார் இந்துவோ?” என்று விசாரித்தாராம்.

புதன்கிழமை நிபுணரை நேரில் காண்பது என்று முடிவு செய்து தனியாகக் கிளம்பினேன். அறிக்கை எழுதுபவரைச் சந்திக்காமல் அறிக்கையைப் பெற்ற வரலாறு எனக்குத் தெரிந்த எந்த நிருவாகத்திலும் இல்லை. கென்னடி வீதியில் தெற்கே போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஒரு மனிதன் எழுபது வயது வரை வீதியின் எந்தப் பக்கத்தில் நின்று பேருந்து பிடித்தானோ, அந்தப் பக்கத்தில்தான் அவனுடைய கால் போய் நிற்கும். கனடாவில் வாகனம் வலப்பக்கம் ஓடுகிறது என்பது என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. ஏறி, அட்டையைத் தட்டி, முதியோர் இருக்கையில் அமர்ந்து, கனடாவின் ஒழுங்கை வியந்துகொண்டு போனேன். கடைகள் போய், தொழிற்சாலைகள் போய், பெரிய பெரிய வீடுகள் வரத் தொடங்கின. பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த ஒருவர் என் கையில் இருந்த முகவரித் துண்டை எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, உது மற்றப் பக்கம் எல்லோ. இன்னும் கொஞ்சம் போனீங்கள் எண்டால் யூனியன்வில்தான்.”

“நீங்கள் எங்கை போறீங்கள்?”

“நான் அங்கைதான். வாங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

உண்மையாகவே அழைத்தார். அவருடைய தகப்பனும் குருநகர்தானாம். போகவில்லை. நகர எல்லையில் இருந்த தரிப்பிடத்தில் இறங்கி, வீதியைக் கடந்து, திரும்பி வரும் பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அக்காவிடம் நிபுணர் விடுமுறையில் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் நிண்டனி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அக்காவும் வந்தார்.

சிற்றாலயத்தின் கதவில் அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. தட்டினேன். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். தாடி முழுக்கச் சுண்ணாம்புத் தூள். உள்ளே விட முடியாது என்றார். எங்கள் மாவட்டத்தின் தொல்பொருட் குழு ஒன்றுக்கு நான் செயலாளராக இருந்தவன் என்று சொன்னேன். அது உண்மை. அந்தக் குழு ஒரே ஒரு முறை கூடி, அடுத்த கூட்டத்தின் திகதியைத் தீர்மானிக்காமல் கலைந்தது என்பதைச் சொல்லவில்லை. அவர் கதவை அகலத் திறந்தார்.

பிறந்தது போர்த்துக்கல்லில், சிறு வயதிலேயே பெற்றோருடன் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார் என்று பேச்சில் தெரிந்தது. அவருடைய பெயரையும் நான் எழுதமாட்டேன்.

திரையை விலக்கினார். மிக்கேல் சம்மனசு முக்கால்வாசி வெளியே வந்திருந்தார். சிவப்புப் போர்வை, நீண்ட மூக்கு, வேலையில் சலிப்படைந்த உத்தியோகத்தரின் முகம். கையில் தராசு. ஒரு தட்டில் கைகூப்பிய சின்ன மனிதன் ஒருவன், ஆன்மா. மற்றத் தட்டில் பாவங்கள். அந்தத் தட்டின் விளிம்பில் ஒரு பிசாசு இரண்டு கையாலும் தொங்கி நிறையைக் கூட்டப் பார்க்கிறது. எங்கள் நெல் கொள்வனவு நிலையத்திலும் தட்டின் ஓரத்தில் விரல் வைப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு வால் கிடையாது.

ஐரோப்பாவின் ஏதோ ஒரு மூலையில் இருந்து குடியேறிய ஓவியர் ஒருவர், தன் ஊர்க் கோவிலின் மத்தியகாலச் சுவரை நினைவில் இருந்து இங்கே வரைந்திருக்க வேண்டும் என்றார் நிபுணர். பின்னர் வந்த யாரோ ஒரு பங்குத்தந்தை, செத்த வீட்டுக்காரரை இந்தப் பிசாசு பயப்படுத்தும் என்று சுண்ணாம்பு அடித்துவிட்டார். குருநகரில் இது இத்தனை காலம் சுண்ணாம்புக்குள் கிடந்திருக்காது. திருநாளுக்குத் திருநாள் சபையார் புது நிறம் அடிப்பார்கள். மிக்கேலும் பிசாசும் ஒரே ரோஸ் நிறத்தில் சமாதானமாக இருந்திருப்பார்கள்.

அன்ரனின் மாடம் அந்தத் தராசுக்கு நேர் கீழே இருந்தது. அதன் விளிம்பில் இருந்து மேலே, பிசாசின் வால் வரைக்கும், நாக்கு நீட்டினதுபோல ஒரு கறுப்பு, சுண்ணாம்பின் வெடிப்புகள் வழியே ஓவியத்திலும் இறங்கியிருந்தது. நிபுணர் அதைக் காட்டிப் பேசத் தொடங்கியபோது அவருடைய குரலே மாறியது. இது எண்ணெய் விளக்கின் கரியாக இருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்காக இங்கே விளக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடிக்கும் முன்னரே படிந்த கரியாக இருந்தால் அதுவும் ஓவியத்தின் வரலாறு, தொடக்கூடாது. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

“பழைய கரி என்றால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டேன்.

அந்தப் பகுதியைக் கண்ணாடியால் மூடுவார்கள். கீழே உள்ள மாடங்களை எடுத்து, வாகனத் தரிப்பிடத்தின் ஓரமாகக் கட்டியிருக்கும் புதிய கருங்கற் சுவருக்கு மாற்றுவார்கள். அங்கே வெயில் நன்றாகப் படும், பூ வைக்கவும் இடமுண்டு என்றார். புதிய கரி என்றால் துடைத்துவிட வேண்டியதுதான். மாடங்கள் இருந்த இடத்தில் இருக்கும்.

அக்கா கைப்பையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பேருந்துத் தரிப்பிடத்தில், இந்த முறை சரியான பக்கத்தில், என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உது விளக்குக் கரி இல்லை.”

“அப்ப?”

“என்ரை கரி.”

அன்ரனின் பிறந்தநாள், அவன் போன நாள், நத்தார், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள், இடையில் மனம் சரியில்லாத நாட்கள். எங்கள் ஊரில் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தாமல் வருவது, ஒருவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று திரும்பி வருவதுபோல. மெழுகுதிரியின் அடியைச் சூடாக்கி மாடத்தின் விளிம்பிலேயே ஒட்டிவிடுவாராம். டொலர் கடையில் வாங்கிய மெழுகுதிரி. கலியாண வீட்டுக்கு விற்கிற, வாசனை போட்ட வகை. அது புகைக்கிற புகைக்கு விளக்கு எதுவும் கிட்ட வராது. அத்தான் வாசலில் காவல் நிற்பார். யாராவது வந்தால் இருமுவார். கடைசி இரண்டு வருடம் அவருக்கு உண்மையாகவே இருமல் வந்துவிட்டதால், அக்கா ஒவ்வொரு முறையும் மெழுகுதிரியை அணைத்து அணைத்துத் திரும்பக் கொளுத்தியிருக்கிறார். புகை அதனால்தான் கூடியதென்பது அக்காவின் கணிப்பு.

ஆகவே ரொறன்ரோவின் மத்தியகால ஓவியத்தைக் கண்டுபிடித்தவர்கள் என் அக்காவும் அத்தானும். கரி இல்லாவிட்டால் துடைக்க ஆள் வந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் நான் உபவிதியை எடுத்தேன். பத்து வேலை நாட்கள் இருந்த பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் தீ பற்றிய விதி இருந்தது. சிற்றாலயத்துக்குள் மெழுகுதிரியோ வேறெந்தத் தீயோ தடை. மீறுபவரின் மாட உரிமை இரத்துச் செய்யப்படலாம். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டி, கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது என்ற என் சேவைக்கால அனுபவத்தையும் சொன்னேன். ஆய்வுகூடம் இருக்கிறது, அது கண்டுபிடிக்கட்டும்.

“கண்டுபிடிக்காட்டி?” என்றார் அக்கா.

“மேன்முறையீடு செய்யலாம்.”

சனிக்கிழமை கூழ் காய்ச்சினார். உறைய வைத்த நண்டு, உறைய வைத்த இறால், உறைய வைத்த பயிற்றங்காய்; பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா மட்டும் நான் கொண்டுபோனது. வீட்டுக் கூழுக்குக் குறையில்லை, பலாவிலைக்குப் பதிலாகக் காகிதக் கிண்ணம் என்பதைத் தவிர. செத்தல் மிளகாய் இடித்துப் போட்டபோது புகை உணர்த்தும் கருவி கத்தத் தொடங்கியது. ஷெரின் கதிரையில் ஏறித் துவாயால் விசிறிக்கொண்டே, தாய்க்கு என்ன பயம் என்று விசாரித்தாள். நான் நிலைமையை விளக்கினேன்.

“அம்மா, மாமா சொல்றது கரெக்ட். ஜஸ்ட் வெயிட். ஒண்டும் சொல்லாதேங்கோ, தே குட் டேக் த நிச், மாடத்தைப் பறிச்சுப்போடுவினம்.”

அக்கா அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“அப்ப அவனைக் கார் பார்க்கிலை கொண்டுபோய் வைக்கட்டோ? காரிலை போன பிள்ளையை?”

கருவி அப்போதுதான் ஓய்ந்தது. ஷெரின் கதிரையில் இருந்து இறங்கவில்லை. நான் கூழைக் குடித்தேன். மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது.

திங்கட்கிழமை அக்கா ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு தட்டு வாங்கினார். எங்கள் ஆட்கள் உண்மை சொல்லப் போகும்போதும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். நான் கூடப் போனது, சொல்லக்கூடாத எதையாவது சொல்லவிடாமல் தடுப்பதற்காக. அதில் முழுத் தோல்வி. சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் தட்டை நிபுணரின் கையில் கொடுத்துவிட்டு, சுவரைக் காட்டி, அது தன்னுடைய மெழுகுதிரி என்றார். அக்காவின் ஆங்கிலம் தொழிற்சாலையில் படித்தது. காலங்கள் கலந்து வரும். ஆனால் யாரும் அவரைப் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை. எங்கே ஒட்டினார், எப்படி அணைத்தார், எந்தக் கடையில் வாங்கினார், எல்லாவற்றையும் சொன்னார். கைப்பையில் இருந்து ஒரு மெழுகுதிரியையும் எடுத்து நீட்டினார்.

நிபுணர் அதை வாங்கி மணந்து பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை இறக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, கரியையும் மணந்து பார்த்தார். இறங்கி வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எண்ணெய் விளக்கைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசச் சம்மதித்துவிட்டேனே என்றார். அவருக்காக எனக்கே பாவமாக இருந்தது.

இங்கே மெழுகுதிரி கொளுத்தக்கூடாது என்று தெரியாதா என்று அவர் அக்காவைக் கேட்டார். அக்கா சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“தெரியும். ஆனால் உங்கட போர்த்துக்கேய ஆக்கள்தானே கப்பலிலை வந்து எங்களுக்கு இதைப் பழக்கினவை. பழக்கினது நீங்கள், இப்ப வேண்டாம் எண்டு சொல்றதும் நீங்களோ?”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் தாடியில் இருந்து சுண்ணாம்பு கொட்டியது. தன் தாயும் வீட்டில் கொளுத்துகிறவர்தான், திரைச்சீலை இரண்டு முறை எரிந்திருக்கிறது என்றார். ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. அப்படித்தான் அவர் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, அக்காவை விட்டுவிட்டு, உத்தியோகத்தர் உத்தியோகத்தரோடு பேசும் தொனியில் சில விஷயங்களைச் சொன்னார். வியாழக்கிழமை சுவரின் ஈரத்தைச் சோதிப்பதற்காகத் தராசுக்குக் கீழே உள்ள வரிசையின் மாடக் கதவுகளை அவர் கழற்ற வேண்டும். அது அவருடைய வேலைத்திட்டத்தில் இருக்கிறது. அலுவலகத்துப் பெண்மணிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, உள்ளே வருவதில்லை. முற்பகலில் அவர் கோப்பி குடிக்கப் போவார். கோப்பிக் கடை தூரம்.

“ஏன் இதை எனக்குச் சொல்கிறீர்கள்?” என்றேன்.

நீங்கள் தொல்பொருட் குழுவின் செயலாளர்தானே, தகவலுக்காக என்றார்.

வியாழக்கிழமை அத்தானைப் பேருந்தில் கொண்டுபோனோம். ஷெரின் காரில் கொண்டுபோகிறேன் என்றாள், அக்கா மறுத்துவிட்டார். இத்தனை வருடமும் இருவரும் அந்தப் பேருந்தில்தான் அவனிடம் போய் வந்தார்களாம். ஷெரின் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு ஏறினாள். குடுவை அக்காவின் மடியில், சோற்றுப் பெட்டி கொண்டுபோகும் பையில் இருந்தது. பக்கத்தில் இருந்த சிறுமி உள்ளே என்ன என்று கேட்டாள். அக்கா, வீட்டுக்காரர் என்றார். சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் ஜன்னலைப் பார்த்தார்.

சிற்றாலயத்தின் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. நிபுணர் இல்லை. வேலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் எல்லாக் கதவுகளும் கழற்றப்பட்டு, அன்ரனுடைய கதவு ஒரு துணியின்மேல் வைக்கப்பட்டிருந்தது; பித்தளை ஆணிகள் ஒரு கிண்ணத்தில். உரிமையாளர் தாமாக மாடத்தைத் திறக்கக்கூடாது என்று உபவிதி சொல்கிறது. நாங்கள் திறக்கவில்லை. அது திறந்து கிடந்தது. திறந்து கிடக்கும் மாடத்தைப் பற்றி உபவிதி ஒன்றும் சொல்லவில்லை. நான் முழுவதையும் வாசித்திருக்கிறேன்.

அக்கா உள்ளே கையை விட்டார். அன்ரனின் குடுவையைத் தொட்டு, விரல்களால் துடைத்து, இடப்பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

“கொஞ்சம் தள்ளி இரு ராசா. அப்பா வாறார்.”

ஷெரின் தகப்பனை வைத்தாள். குடுவைகள் இரண்டும் உரசிய சத்தம் கேட்டது. பிறகும் அங்கே ஒரு ஆளுக்கு இடமிருந்தது. அதை மூவரும் பார்த்தோம். அக்கா ஒரு பத்து மணிகள் செபமாலை சொன்னார். நான் செபத்தைவிட வாசலைத்தான் கவனித்தேன். அத்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது நிபுணர் தரிப்பிடத்துப் புதிய சுவரில் சாய்ந்து நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கடை தூரம் என்றவர் குவளையோடு அங்கேயேதான் நின்றிருக்கிறார். அக்கா அவரிடம் போய், மெழுகுதிரி கொளுத்தவில்லை என்று சொன்னார். அவர் தலையசைத்தார்.

ஒக்ரோபரில் நான் ஊர் திரும்பினேன். விசாவில் இன்னும் நாள் இருந்தது, குளிர் தொடங்கிவிட்டது. பயணத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்கு ஒரு சுவரின் முக்கால் பங்கு என்று சொன்னேன். நீர்வீழ்ச்சி பார்க்காமல் வந்தவனை அவர்கள் நம்பவில்லை. மாடங்களுக்கு என்ன முடிவு என்று அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னதால் உரிமை போகுமோ, சொன்னபடியால் தப்புமோ என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பார். வைத்தவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்றும் கேட்பார். எனக்குத் தெரிந்த விதி எதிலும் அதற்குப் பதில் இல்லை.

பிறகு பதில் வந்தது. அக்கா தொலைபேசியில் எனக்கு ஆங்கிலத்திலேயே வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். சுவரில் இருந்த கரி அண்மைக் காலத்தது என நிபுணரின் அறிக்கை உறுதிப்படுத்துகிறது. அதன் மூலம் எது என்று கண்டறிய முடியவில்லை. ஆகவே கரி அகற்றப்படும். மாடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அக்கா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அழுகிறாரா என்று கேட்டேன். மூக்கு அடைச்சிருக்கு என்றார். மூலம் கண்டறிய முடியவில்லை என்ற வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். என் சேவைக்காலத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு அறிக்கையில் பொய் எழுதியவர் எவரையும் நான் கண்டதில்லை.

இன்னும் ஒரு பந்தி இருந்தது. காலமான திரு. மரியதாஸின் சாம்பலை மாடத்தில் வைப்பதற்கான தங்கள் விண்ணப்பம் வேலைகள் முடிந்ததும், வசந்த காலத்தில், சாதகமாகப் பரிசீலிக்கப்படும். அதுவரை குடுவையைப் பாதுகாப்பான, உலர்ந்த ஓர் இடத்தில் வைத்திருக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி.

“தம்பி, இதுக்கு என்ன எழுதுறது?”

“உலர்ந்த இடத்திலைதான் இருக்கிறார் எண்டு எழுதுங்கோ.”

“வசந்தத்திலை கேட்டால்?”

“வசந்தத்திலை அவையளுக்கு வேறை படம் வரும்.”

அக்கா சிரித்தார். அத்தான் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. கோப்பில் குறித்துவைக்கக் கடிதத்தின் திகதியைக் கேட்டேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது, பிறகு சொன்னார். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.